இடர் வேளையில் சொல்லும் ஒரு மருந்து

(பெருவிழாச் சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் பொருட்பாலில் 64ஆம் அதிகாரம் அமைச்சின் இலக்கணத்தை வகுக்கின்றது. அதனை அடுத்து 65ஆம் அதிகாரமாகத் திருவள்ளுவர் வைத்தது சொல்வன்மை. வினைத்தூய்மையும் வினைத்திட்பமும் அதற்குப் பின்னரே வருகின்றன. மக்களைக் காக்கும் பொறுப்புடையவர்க்குச் செயலாற்றலோடு, அதற்கு முன்பே, சொல்லாற்றலும் வேண்டும் என்பது இவ்வரிசையால் புலனாகும். கொள்ளைநோயும் வெள்ளமும் தீயும் சூழும் வேளையில் அச்சொல்லே உயிர் காக்கும் கருவியாகின்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் கண்ட இரு நோய்க்காலங்கள் இவ்வுண்மைக்குச் சான்று பகரும்.

முதலாவது, மலேசியாவில் தோன்றிய நிப்பா நோய். 1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் உழைத்தவர்களுக்குக் கடும் மூளைக்காய்ச்சல் கண்டது. சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குரிய அடையாளங்கள் தென்பட்டன. அந்நோய் கொசுவினால் பரவுவது. ஆகவே கொசு ஒழிப்புப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது. 'கொசுவிடமிருந்து காத்துக்கொள்ளுங்கள்' என்பதே மக்களுக்கு எட்டிய செய்தி.

அச்செய்தியைக் கேட்டவர்கள் நம்பினார்கள், நம்பியபடி நடந்தார்கள். இரவில் கொசுவுக்கு அஞ்சியவர்கள், பொழுது புலர்ந்ததும் இருமிக்கொண்டிருந்த பன்றிகளை வெறுங்கையால் தொட்டுப் பராமரித்தார்கள். பேராக்கிலிருந்து பன்றிகள் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. நோயும் அவற்றோடு பயணம் செய்து, சிக்காமாட்டிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் பரவியது.

ஐயத்திற்குரிய குறிகள் பல இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதும் குழந்தைகளைத் தாக்குவது. இந்நோயோ வயது வந்த ஆடவரைத் தாக்கியது. தடுப்பூசி போட்டவர்களும் வீழ்ந்தார்கள். அதே வட்டாரத்தில், அதே கொசுக்கள் சூழ வாழ்ந்தும், பன்றியோடு தொடர்பில்லாத அண்டை வீட்டாரை நோய் அணுகவில்லை. இவ்வேறுபாடுகளைப் பண்ணைக்காரர்களும் கண்ணாரக் கண்டார்கள்.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் உலகம் அதுவரை அறியாத ஒரு நச்சுயிரியைக் கண்டறிந்தார். அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் அதனை உறுதிப்படுத்தின. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தொற்றும் நோய் அது. உண்மை வெளிவந்த பின்னரே மக்களுக்குரிய செய்தியும் மாறியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவில் நோய் கண்ட 265 பேரில் 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக் கொட்டிலில் பணிபுரிந்த 11 பேருக்கு நோய் தொற்றி, ஒருவர் உயிரிழந்தார்.

புதியதொரு நோயை முதல் நோக்கிலேயே இன்னதென அறிதல் எவர்க்கும் அரிது. அதனைக் குற்றமெனக் கொள்ளல் நியாயமாகாது. ஆயினும் 'இது கொசுவால் வருவதாகத் தோன்றுகிறது, எனினும் உறுதியாகவில்லை, ஆகவே பன்றிகளைத் தொடும்போதும் கையுறையும் முகமூடியும் அணியுங்கள்' என்று கூறுவதற்கு நச்சுயிரியின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சொற்றொடர் போதும். அச்சொற்றொடரில் அடங்கியிருப்பது பல குடும்பங்களின் தாலிப் பாக்கியம்.

இரண்டாவது, சார்ஸ் நோய். 2002ஆம் ஆண்டு நவம்பரில் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் அது தலைகாட்டியது. தொடக்கத்தில் அங்கு உண்மை மூடிவைக்கப்பட்டது. விளைவு என்ன? வதந்தி ஊரெங்கும் பரவியது. 2003 பிப்ரவரியில் மக்கள் நோயைத் தடுக்கும் என்று நம்பிக் காடியை வாங்கக் கடைகளில் முண்டியடித்தார்கள். 'உண்மையைச் சொன்னால் மக்கள் கலங்குவர்' என்று அஞ்சி வாய் மூடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மௌனம் விட்ட இடத்தை வதந்தி நிரப்பிக்கொள்ளும்.

அதே ஆண்டு பிப்ரவரி இறுதியில் நோய் சிங்கப்பூரை எட்டியது. மார்ச் 27 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. மருத்துவக் காரணத்தை மட்டும் கருதினால் எல்லாப் பள்ளிகளையும் மூட வேண்டிய வலுவான தேவை இல்லை என்றும், பெற்றோரின் கவலையை முன்னிட்டே மூடுவதாகவும் அரசு வெளிப்படையாகவே கூறியது. மக்களின் அச்சத்தை அறியாமை என்று எள்ளி ஒதுக்காமல், அதனையும் ஒரு காரணமாக மதித்த பண்பு போற்றற்குரியது. ஏப்ரலில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைக் காய்கறிச் சந்தை மூடப்பட்டபோதும் செய்தி மறைக்கப்படவில்லை. அன்றைய பிரதமர் கோ சோக் தோங், நிலைமையின் கடுமையை மறைக்காது மக்களுக்குத் திறந்த மடல் எழுதினார். காய்ச்சல் அளவை அன்றாடம் பார்த்தல், உடல்நலம் குன்றினால் வீட்டிலிருத்தல் முதலிய எளிய கடமைகள் ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டன. செய்வதற்கு ஒரு பணி உள்ளவன் அச்சத்தில் உறைந்து போவதில்லை. நோய் கண்டோர் 238 பேர்; மாண்டோர் 33 பேர். அவ்விழப்பு சிறிதன்று. எனினும் மே 31 அன்று நோய் பரவும் நாடுகளின் பட்டியலிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை நீக்கியது.

அடுத்த ஆண்டு, 2004 செப்டம்பரில், நோய்க்காலத்தில் மக்களிடம் பேசும் முறையை ஆராய அந்நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு சிங்கப்பூரிலேயே நிகழ்ந்தது. அதன் வழி 2005இல் வெளிவந்த நெறிகள், மக்களின் நம்பிக்கையையே முதலாவதாக வைத்தன. விரைந்து அறிவித்தல், ஒளிவுமறைவின்மை, மக்களின் கவலையைச் செவிமடுத்தல், முன்கூட்டியே திட்டமிடல் ஆகியவை அதனைத் தொடர்ந்தன.

இந்நெறிகள் அரசுக்கு மட்டும் உரியவை அல்ல. பல்லாயிரவர் கூடும் திருவிழாவை நடத்தும் ஆலயத்திற்கும் அவை பொருந்தும். அன்னதானம் உண்ட சிலருக்கு வயிற்றுக்கோளாறு என்றோ, பந்தலின் ஒருபுறம் தீப்பொறி என்றோ செய்தி வருமாயின், ஒலிபெருக்கியில் முதலில் எழும் குரலே கூட்டத்தை அமைதிப்படுத்தும். அல்லது நெரிசலில் தள்ளும். 'ஒன்றுமில்லை, அனைவரும் அமருங்கள்' என்ற சொல், புகையைக் கண்ணால் காண்பவன் முன் பொய்யாகிவிடும். அதன்பின் அக்குரல் கூறும் மெய்யையும் அவன் நம்பான். 'கிழக்குப் பந்தலில் சிறு தீ; அணைக்கும் பணி நடக்கின்றது; காரணம் இன்னும் தெரியவில்லை; குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கு வாசல் வழியாக மெல்ல நடந்து செல்லுங்கள்' என்பது பயன்தரும் சொல். தெரிந்தது, தெரியாதது, செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் அதில் உள்ளன.

அக்குரல் யாருடையது, அவர் இல்லாதபோது பேசுபவர் யார், எந்த வாசல் எப்போதும் திறந்திருக்கும் என்பவற்றைக் கொடியேற்றத்திற்கு முன்பே நிர்வாகம் முடிவுசெய்து, தொண்டர் ஒவ்வொருவருக்கும் உணர்த்திவிடல் வேண்டும். பக்தர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கைப்பேசியில் வரும் கலக்கமூட்டும் செய்தியை, மூலம் அறியாமல் அடுத்தவருக்கு அனுப்பாமலிருப்பது அக்கடமை.

ஆபத்து வந்த அன்று நம்பிக்கையைப் புதிதாகத் தேடிப் பெற இயலாது. கணக்கு வழக்கிலும் அன்றாட அறிவிப்பிலும் மெய் பேசிவந்த நிர்வாகத்தின் சொல்லையே மக்கள் இடர் வேளையிலும் கேட்பார்கள். அந்நம்பிக்கையை அமைதிக் காலத்திலேயே ஈட்டி வைப்பது, கருவறைக்குக் காவல் இடுவதற்கு ஒப்பான திருப்பணியாகும்.