ஹைதராபாத்: அரியணையைத் தாங்கியது யார், அசைத்தது யார்?



ஹைதராபாத் சமஸ்தானத்தின் வரலாற்றை இந்து - முஸ்லிம் மோதலாகச் சுருக்கும் முயற்சி ஒவ்வொரு செப்டம்பர் 17 அன்றும் நடைபெறுகிறது. உண்மை வரலாறு வேறு.

1724இல் ஆசஃப் ஜாஹி வம்சம் ஆட்சியை நிறுவியது. 1798இல் வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டத்தை முதலில் ஏற்றவர் நிஜாம். அந்தப் படைச் செலவுக்காக 1800இல் பெல்லாரி, கடப்பை உள்ளிட்ட பகுதிகளும், கடனுக்காக 1853இல் பேராரும் கைமாறின. 1857இல் நிஜாம் அரசு ஆங்கிலேயர் பக்கம் நின்றது. ரெசிடென்சியைத் தாக்கியவர்களோ துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும். அன்றே அரண்மனையும் மக்களும் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் உலகின் பெரும் செல்வந்தர் எனப் பெயர் பெற்றார். அச்செல்வம் எங்கிருந்து வந்தது? நிஜாமின் சொந்த நிலங்களிலிருந்தும், ஜாகீர்தார்களும் தேஷ்முக்குகளும் கறந்த வரியிலிருந்தும், கூலியில்லா வெட்டி உழைப்பிலிருந்தும் வந்தது. தெலங்கானா கிராமங்களில் நிஜாம் ஆட்சியின் தூண்களாக இருந்த தேஷ்முக்குகளில் மிகப் பெரும்பாலோர் இந்துக்களே. விஸ்னூர் தேஷ்முக்கை எதிர்த்து நின்று கொலையுண்ட பந்தகி ஒரு முஸ்லிம் உழவர். அதே தேஷ்முக்கிடமிருந்து தன் விளைச்சலைக் காத்த சாகலி ஐலம்மா சலவைத் தொழிலாளர் குலத்தில் பிறந்தவர். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது குருதியில் எழுச்சி தீயாய்ப் பரவியது. ரஜாக்கர்களைக் கண்டித்து எழுதியதற்காக 1948 ஆகஸ்டில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஷோயபுல்லா கானும் ஒரு முஸ்லிமே.

ஆந்திர மகாசபையும் கம்யூனிஸ்ட் கட்சியும் தலைமை தாங்கிய போராட்டத்தில் சுமார் 3,000 கிராமங்கள் விடுதலை பெற்றன. 10 லட்சம் ஏக்கர் நிலம் உழுபவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. சுமார் 4,000 தோழர்கள் உயிர் நீத்தனர்.

1948 செப்டம்பர் 13இல் இந்திய இராணுவம் நுழைந்தது; 17இல் நிஜாம் பணிந்தார். அதன்பின் நடந்தது என்ன? நிஜாம் ராஜப்பிரமுகர் ஆனார். ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் மன்னர் மானியமும் பெற்றார். துப்பாக்கிகள் நிலம் பெற்ற உழவர்கள் மீது திரும்பின. ஓடி ஒளிந்த தேஷ்முக்குகள் ஊர் திரும்பினர். போராட்டம் 1951 அக்டோபர் வரை நீடித்தது.

மக்களின் தீர்ப்பு 1952 தேர்தலில் வெளிப்பட்டது. நல்கொண்டாவில் தோழர் ரவி நாராயண ரெட்டி, நேருவை விடவும் அதிக வாக்குகள் பெற்று வென்றார்.

நிஜாமை வீழ்த்தியது மதம் அன்று, உழவரின் ஒற்றுமை. அந்த ஒற்றுமையை உடைக்கவே இன்று வரலாறு திரிக்கப்படுகிறது. கிராமம்தோறும் உண்மையைக் கொண்டு செல்வதே தெலங்கானா தியாகிகளுக்குச் செலுத்தும் அஞ்சலி.