எங்கள் வகுப்பின் ஒட்டுப் போர்வை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1995 ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பு மாணவிகளின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த மேசையில் விரித்திருப்பது நூற்றாண்டுக்காக எங்கள் வகுப்பு தைத்த ஒட்டுப் போர்வை. ஆங்கிலத்தில் குவில்ற் என்பார்கள். எங்களுக்கு முன் பேசிய அக்காமார் கட்டிட நிதி பற்றியும் புலமைப்பரிசில் நிதி பற்றியும் சொன்னார்கள். நாங்கள் கொண்டுவந்திருப்பது 80 அங்குல நீள அகலமான ஒரு துணி மட்டும்தான். இதை எங்கே வைப்பது என்பதைச் சங்கம் இன்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால், இது எப்படி உண்டானது என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

மூன்று பிரிவிலும் சேர்த்து நாங்கள் 96 பேர். நான்கு ஆசிரியைகளையும் சேர்த்தால் நூறு. ஆளுக்கொரு பூ. நடுவில் ஓர் அறுகோணி, சுற்றி ஆறு, ஆக ஏழு துண்டு. பூக்களுக்கு இடையில் வெள்ளைத் துண்டுகள். கணித ரீச்சர் படிப்பித்தது நினைவிருக்கும்: ஒழுங்கான அறுகோணியின் ஒவ்வொரு மூலையும் 120 பாகை, மூன்று மூலைகள் சேர்ந்தால் இடைவெளி இல்லாமல் 360. தேனீக்குத் தெரிந்த கணக்கு எங்களுக்கு நாற்பத்தைந்து வயதில்தான் கைக்கு வந்தது.

முறை எளிது. பக்கம் 1 அங்குலமாக ஒரு தடித்த கடதாசியை வெட்ட வேண்டும். சுற்றிவரக் கால் அங்குலம் கூட்டித் துணியை வெட்டி, கடதாசியின் மேல் மடித்துத் தற்காலிகமாக நூலோட வேண்டும். இப்படி இரண்டு துண்டுகளை முகத்துக்கு முகம் வைத்து, மடிப்பின் விளிம்பை மட்டும் பிடித்துச் சுற்றித் தைத்துக்கொண்டு போக வேண்டும். ஊசி கடதாசியில் படக்கூடாது. அங்குலத்துக்குப் பதினாறு, பதினெட்டுத் தையல் விழுந்தால் நல்லது. ஆறு பக்கமும் அயலோடு சேர்ந்த பிறகுதான் கடதாசியை உருவி எடுப்பது.

இந்த முறையை நாங்கள் தேர்ந்ததற்குக் காரணம் அந்தக் கடதாசிதான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது நாங்கள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அடுத்த ஆண்டு சிலர் திரும்பி வந்தோம். சிலர் வன்னிக்குப் போனார்கள். சிலர் கொழும்பு போய் அப்படியே வெளிநாடு. அதன்பின் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்ததே இல்லை. ஆனால் கடதாசி ஒரே அளவானால், ஒஸ்லோவில் மடித்த துண்டும் மட்டக்களப்பில் மடித்த துண்டும் பக்கத்தில் வைத்தவுடன் பொருந்தும். மாதிரியை மின்னஞ்சலில் அனுப்பி அவரவர் அச்சிடட்டும் என்று விடவில்லை. கனடாவில் கடதாசியின் அளவு வேறு, அச்சுப்பொறி தானாகவே கொஞ்சம் சுருக்கிவிடும். பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் இருபது முப்பது துண்டு தாண்டும்போது துணி கோணிவிடும். ஆகவே கடதாசிகளை இங்கேயே ஒரே கத்தரியால் வெட்டிக் கடிதவுறையில் அனுப்பினோம்.

பழைய போர்வைகளில் இந்தக் கடதாசிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பிரித்தானியாவின் குவில்ற்றர்ஸ் கில்ட் சேகரிப்பில் 1718 என்று ஆண்டு தைத்த பட்டுப் போர்வை ஒன்று இருக்கிறது. கடதாசிகள் இன்னும் அதன் உள்ளேதான். பழைய கடிதங்களையும் கணக்குத் தாள்களையும் வெட்டிப் பாவித்ததால், முடிக்காமல் விட்ட போர்வைகளின் காலத்தை ஆய்வாளர் அவற்றைப் படித்தே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் போர்வைக்குள் சோதனை வினாத்தாளும், கிளினிக் படிவங்களும் போய் வந்தன. (நோயாளிகளின் பெயர் எழுதாத வெற்றுப் படிவங்கள்தான். அதிபர் பயப்பட வேண்டாம்.)

பூவின் நடுத்துண்டில் பெயர் தைக்கும் யோசனை சாங்கியிலிருந்து வந்தது. 1942 இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தபின் சாங்கிச் சிறையில் அடைபட்டவர்களில் ஏறத்தாழ இருபது சிறுமிகள் கேர்ள் கைட்ஸ் குழுவாகச் சேர்ந்தார்கள். தங்களை வழிநடத்திய எலிசபெத் எனிஸுக்குப் பிறந்தநாள் பரிசாக, கிடைத்த கந்தல்களைக் கொண்டு இதே அறுகோணிப் பூக்களை இரகசியமாகத் தைத்தார்கள். நடுவில் தங்கள் பெயர்கள். அந்தப் போர்வை இப்போது இலண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் பூக்களிலும் பெயர் மட்டும்தான். டொக்டர் இல்லை, பொறியியலாளர் இல்லை, திருமதி இல்லை. இடாப்பில் கூப்பிட்ட பெயர்.

ஓரத்தைப் பாருங்கள். பூவரசும் பனையும் கிணறும் மேல் ஒட்டு வேலை: உருவத்தை வெட்டித் துணியின்மேல் வைத்து, ஊசி நுனியால் விளிம்பை உள்ளே தள்ளித் தள்ளி, தையல் வெளியே தெரியாமல் பதிப்பது. பூவரசம் இலையில் காம்பு சேரும் பிளவுதான் வில்லங்கம். அங்கே துணியைச் சற்று வெட்டிவிடாமல் மடியாது, வெட்டினால் நூல் பிரியும். எங்களில் வைத்தியம் செய்கிற மூவர், சத்திரசிகிச்சையில் பழகிய கைதானே என்று அதைப் பொறுப்பேற்றோம். நகரத்தில் தையற்கடை வைத்திருக்கும் எங்கள் தோழி பார்த்துவிட்டு, "உங்களிட்ட வாற சனம் பாவம்" என்றாள். பூவரசு முழுவதும் அவளுடைய கை. பனைமரம் எங்களுடையது, நேர்கோடுதானே.

இந்த மேல் ஒட்டு வேலைக்கும் எங்கள் பக்கத்துக் கடலுக்கும் தொடர்புண்டு. சோழமண்டலக் கரையில் கையால் சாயமெழுதிய பருத்தித் துணி ஐரோப்பாவில் அப்படி விலைப்பட்டது. உள்ளூர் நெசவாளர் கொதித்தெழ, இங்கிலாந்து 1721 இல் அதை உடுக்கவும் வீட்டில் பாவிக்கவும் தடைச்சட்டம் கொண்டுவந்தது. அந்தத் துணியின் பூக்களை மட்டும் வெட்டியெடுத்து வெள்ளையில் பதித்த போர்வைகள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அவர்கள் 'சின்ற்ஸ்' என்றதும் எங்கள் அம்மம்மாமார் 'சீத்தை' என்றதும் ஒரு வேரிலிருந்து வந்த சொற்கள். கீழ் வரிசையில் சீத்தைப் பூக்கள் நான்கு இருக்கின்றன.

எங்களில் ஐந்து பேர் உயிரோடு இல்லை. அவர்களின் பூவுக்குக் கறுப்புத் துணி போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நாங்கள் விரும்பவில்லை. வீடுகளுக்குப் போய்த் துணி கேட்டோம். ஓர் அம்மா பெட்டியைத் திறந்து மகளின் ஹாஃப் சாறியை எடுத்து வைத்தா. கத்தரிக்கோல் எங்கள் கையில்தான் இருந்தது. வெட்ட ஏலவில்லை. "இஞ்ச தாங்கோ பிள்ளையள்" என்று வாங்கி, முந்தானையில் ஒரு சாண் தானே வெட்டித் தந்தா. வழுக்குகிற நைலெக்ஸ் துணி. பின்னால் மெல்லிய பருத்தி வைத்துத்தான் மடிக்க முடிந்தது. மேலிருந்து இரண்டாம் வரிசையில் அந்த நாவல் நிறப் பூ.

இன்னொரு தோழி 2009 இல் காணாமற்போனவள். அவளின் அம்மாவும் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தா. துணி தரவில்லை. "அவள் வந்து தானே தைக்கட்டும்" என்றா. அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. அவளுடைய இடத்தில் ஏழும் வெள்ளை. பெயர் தைக்கவில்லை. கடதாசியும் எடுக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் விறைப்பாக இருக்கும்.

இப்போது கேள்வி. போர்வையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மண்டபச் சுவரில் மாட்டவேண்டும் என்று சங்கத்தில் பலர் விரும்புகிறார்கள். விடுதி நோயாளர் அறைக் கட்டிலில் போடவேண்டும் என்பது எங்கள் விருப்பம். வெளிச்சம் கண்ணாடிக்குள்ளும் போய் நிறத்தைத் தின்னும். கையால் தைத்தது கிழிந்தால் கையால் தைக்கலாம். இந்த வெயிலுக்கென்றே உள்ளே பஞ்சடுக்கு வைக்காமல் ஒரு பழைய நூற்சேலையைத்தான் வைத்தோம். காய்ச்சலோடு படுத்திருக்கிற பிள்ளைக்குப் பாரமிராது.

ஆனால் கட்டிலில் போட்டால் கழுவவேண்டும், கழுவினால் அந்த ஏழு கடதாசியும் கரையும். இதற்குத் தையற்கடைத் தோழி வழி செய்திருக்கிறாள். அந்தப் பூவுக்குப் பின்னால் மட்டும் உட்சேலையையும் பின் துணியையும் திறந்து, பொத்தான் வைத்த மூடி போட்டிருக்கிறாள். கழுவமுன் கடதாசிகளை எடுத்துவைத்து, காய்ந்தபின் திரும்பச் செருகலாம். அதை விடுதி மேற்பார்வையாளர் மாறி மாறி வந்தாலும் யாரோ ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். சட்டம் போடச் சொல்பவர்கள் கேட்பது இதைத்தான்: யார் நினைவில் வைத்திருப்பது? நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களில் பதினொருவர் முறைவைத்துக் கழுவித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த அம்மாவிடமும் போய்க் கேட்டோம். "பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டாதேங்கோ" என்றா.

பின்னேரக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. அதற்குமுன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: இடப்பக்க ஓரம் இன்னும் மடித்துத் தைக்கவில்லை. வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் தோழிகளும் ஆளுக்கு நாலு தையலாவது போடவேண்டுமென்று விட்டுவைத்தோம். மற்ற வகுப்பு அக்கா தங்கைமாரும் வரலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த மேசையடியில் ஊசி நூலோடு இருப்போம். வெள்ளெழுத்துக் கண்ணாடியை மறந்து வந்தவர்களுக்கு எங்களிடம் மூன்று இருக்கிறது.