ஏற்காட்டில் பனி விழுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் காபி குடிக்கும்போது நண்பரின் பேத்தி கேட்டாள்: "தாத்தா, உங்க ஏற்காட்டுல ஸ்னோ விழுமா?" "விழாதும்மா" என்றேன். "அப்புறம் ஏன் எல்லாரும் பனி பனின்னு சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. புல் நுனியில் நிற்பதும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

ஏற்காடு சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. ஆக, எட்டு டிகிரி குளிர்ச்சி, அவ்வளவுதான். நம் அட்சரேகையில் காற்று உறைநிலையைத் தொட சுமார் 5,000 மீட்டர் ஏற வேண்டும். சேர்வராயன் கோயில் உச்சியே 1,600 சொச்சம்தான். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில்கூட உறைபனிதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை குளிர்ந்து, கனத்த காற்று பள்ளத்தில் தேங்கி, புல்மேல் ஈரம் உறைகிறது. நம் 20 கொண்டை ஊசி வளைவுகளை மறைப்பதோ, தரையைத் தொட்ட மேகம்.

சிம்லாவில் வானிலை சொல்பவருக்குப் பனியா மழையா என்பதே தலைவலி. பூஜ்ஜிய டிகிரிக் கோடு சில நூறு மீட்டர் ஏறினால் மழை, இறங்கினால் பனி. நமக்குத் தலைவலி வேறு: மழை எந்தச் சரிவில்?

இதை நான் அனுபவித்துக் கற்றேன். அப்பாவுக்கு நாலு ஏக்கர் காபி. மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் பூ மழை பெய்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூக்கும். அரைகுறைத் தூறலில் மொட்டு சரியாக விரியாது. நான் இந்தக் கல்லூரியில் பௌதிகம் முடித்த வருஷம், குட்டையிலிருந்து தண்ணீர் இறைக்க அப்பா பம்ப் செட் வாடகைக்குப் பேசியிருந்தார். ரேடியோவில் "சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்றார்கள். "டீசல் தண்டம்ப்பா, நாளைக்கு மழை வருது" என்று நான் தடுத்துவிட்டேன்.

மழை வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம். எங்களுக்குத் தூறல். அந்த வருஷம் பாதி விளைச்சல். தங்கையின் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அறிவிப்பு தவறில்லை. வானிலைத் துறை மொழியில் "ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியின் மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாமல் மழை என்று பொருள். நான் அதை "எங்கள் தோட்டத்தில்" என்று கேட்டேன்.

இன்று கருவிகள் முன்னேறிவிட்டன. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு முறை, 12 கி.மீ. சதுரத்தை 6 கி.மீ. ஆக்கியிருக்கிறது. ஆனாலும் ஒரு சதுரத்துக்கு ஒரே உயரம்தான். மேடும் பள்ளமும் அதில் ஒன்றே. கோடை இடிமழையோ சில கி.மீ. அகலம், ஒரு மணி நேர ஆயுள். காரைக்கால் ரேடார் சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமி உருண்டை அல்லவா? அதன் மிகத் தாழ்ந்த கதிர்கூட நம் மலைக்கு வரும்போது சுமார் 4 கி.மீ. உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மலையிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கு ஆளுக்கொரு மழைமானி வாங்கித் தருவோம். தினமும் காலை எட்டரைக்குப் பிள்ளைகள் அளந்து நோட்டில் எழுதட்டும். பத்து வருஷக் கணக்கு சேர்ந்தால், எந்தக் காற்றுக்கு எந்தச் சரிவு நனையும் என்று சொல்லத் தொடங்கலாம். முதல் மழைமானி என் செலவு, அப்பா பெயரில்.