வேலியைக் காப்பது யார்?



லஞ்சத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்பதில் எவருக்கும் பேதமில்லை. அதில் எதை எழுதுவது, அதை யார் கையிற் கொடுப்பது என்னும் இடத்திலேதான் அரசாங்கத்துக்குள்ளேயே பிணக்கு எழுகின்றது. இதற்கு ஹொங்கொங் தக்கதோர் உதாரணம்.

பிரித்தானியக் குடியேற்ற நாடாயிருந்த அங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டம் போதாதெனக் கண்ட அரசினர், 1968இல் ஓர் ஆய்வுக் குழுவைச் சிங்கப்பூருக்கும் நமது இலங்கைக்கும் அனுப்பினர். நமது 1954ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் அன்று பிறர் வந்து கற்கத்தக்கதாய் இருந்தது.

புதிய சட்டத்தை வரைகையில் இரண்டு வினாக்கள் எழுந்தன. வருமானத்துக்கு மிஞ்சி வாழும் உத்தியோகத்தர் அச்செல்வம் வந்த வழியைத் தாமே விளக்க வேண்டுமா? அது நீதிநெறிக்கு முரண் என்றனர் ஒரு சாரார். கொடுத்தவனும் வாங்கியவனும் வாய் திறவாவிடத்து வேறு வழியேது என்றனர் மறு சாரார். விசாரணையைப் பொலிசாரிடமிருந்து பிரிப்பதா என்பது இரண்டாவது வினா.

1970இல் நிறைவேறி 1971 மே மாதம் அமுலுக்கு வந்த சட்டம், விளக்கங் கேட்கும் அதிகாரத்தை அளித்தது. ஆனால் வழக்கிடுமுன் அவகாசமும் கொடுத்தது. விசாரணையோ பொலிசாரிடமே நின்றது.

விளைவு என்ன? 1973 ஜூன் மாதத்தில், 40 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செல்வத்துக்கு விளக்கங் கேட்கப்பட்ட பொலிஸ் உயரதிகாரி பீற்றர் கொட்பர், அந்த அவகாசத்திலேயே, தமது பொலிஸ் அனுமதிச் சீட்டைக் காட்டி விமானமேறித் தப்பினார்! விளக்கமில்லாச் செல்வம் இங்கிலாந்தில் குற்றமன்று. ஆதலால் அக்குற்றத்துக்காக அவரைத் திருப்பிப் பெற இயலவில்லை. லஞ்சம் வாங்கியதற்குச் சாட்சி கிடைத்த பின்னரே 1975இல் கொண்டுவரப்பட்டு, நான்காண்டுச் சிறை பெற்றார்.

மக்கள் கொதித்தெழுந்தனர். தேசாதிபதி மக்லிஹோஸ், 1974 பெப்ரவரியில், பொலிசாருக்குக் கட்டுப்படாத தனி ஆணைக்குழுவை நிறுவினார். இலங்கையில் அத்தகைய ஆணைக்குழு 1994இல் வந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் புதிய சட்டமும் வந்தது.

அன்பர்களே! பயிரை மேயும் வேலிக்கே காவற் பொறுப்பைக் கொடுத்தால் விளைச்சல் எங்கே? சட்டத்தின் சொல்லைப் பார்க்குமுன், அது யார் கையில் இருக்கிறதென்று கேளுங்கள்!