சோப்பு டப்பாவுக்குள் ஒரு ரேடியோ

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், என் கையில் இருக்கும் இந்தச் சோப்பு டப்பா. இதற்குள் ஒரு ரேடியோ இருக்கிறது. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு எழுதியவன், எலெக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை. அதனால்தான் நீங்களும் இதைச் செய்யலாம் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 88 வயது. பார்வை மங்கிவிட்டது. கையடக்க ரேடியோதான் துணை. அது ஒருநாள் கீழே விழுந்து கேபினெட் நாலு துண்டாகிவிட்டது. கடைக்காரர், "உள்ளே எல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா இந்த மாடலுக்குப் பாடி கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க" என்றார். வாங்கினேன். எல்லாமே பட்டன். அம்மா இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு, "நீயே வெச்சுக்கோப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு காலை நேரத்தில் வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய ரேடியோவைக் கையில் எடுத்தேன். கழற்றும் முன் ஒவ்வொரு வயரையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். வரவு செலவு பார்த்த பழக்கம்!

முதலில் ஒரு மிட்டாய்த் தகர டப்பாவில் வைத்தேன். மூடியதும் வெறும் இரைச்சல். மீடியம் வேவைப் பிடிப்பது, உள்ளே கம்பி சுற்றியிருக்கும் கருப்பு ஃபெரைட் குச்சி. சுற்றிலும் உலோகம் இருந்தால் அலை அதை எட்டாது. பிளாஸ்டிக், மரம், அட்டை எதுவானாலும் சரி. தகரம் மட்டும் வேண்டாம்.

அடுத்துதான் இந்தச் சோப்பு டப்பா. இதில் அந்தக் குச்சியை நிறுத்தி வைத்தேன், ஒலி மங்கியது. படுக்க வைத்ததும் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்டது. குச்சி சட்டென்று ஒடியும், கவனம்.

ஸ்பீக்கருக்கு எதிரே சிறு துளைகள் போட்டேன். போர்டு ஆடாமல் இருக்க, பழைய ரப்பர் செருப்பை வெட்டி அண்டை கொடுத்தேன். பழைய கேபினெட்டோடு பேட்டரி அறையும் போய்விட்டதால், இரண்டு பென்சில் செல் போடும் ஹோல்டர் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி, பிளஸ், மைனஸ் பார்த்து இணைத்தேன். மூடியை ஒட்டவில்லை, ரப்பர் பேண்டுதான். நாளைக்குத் திறக்க வேண்டுமே.

அதிக நேரம் பிடித்தது வேறொன்று. ஸ்டேஷன் மாற்றும் சக்கரம் பழைய இடத்திலேயே, வலது கட்டைவிரலுக்கு எட்டும்படி இருக்க வேண்டும். அதற்கான பிளவை இரண்டு முறை தப்பாக அறுத்து, இரண்டு டப்பாக்களை வீணாக்கினேன். கடைசியில் சக்கரத்தின் விளிம்பில் நகப்பூச்சால் ஒரு சின்ன மேடு வைத்தேன். அது விரலில் பட்டால் 720.

அம்மா கையில் வாங்கினார். தடவினார். ஒரே திருப்பு. "வந்துடுச்சு" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: கேபினெட் அழகுக்காக மட்டும் இல்லை. அது கை படித்து வைத்திருக்கும் பாடம். புதிது வாங்கினால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். 88 வயதில் யாரிடம் அப்படிக் கேட்பது?

ஓர் எச்சரிக்கை. நான் சொன்னது பென்சில் செல்லில் ஓடும் ரேடியோ, ரிமோட், கடிகாரம் போன்றவற்றுக்கு மட்டும். கரண்டில் நேராகச் செருகும் சாமானையும், பேட்டரி உப்பிய செல்போனையும் வீட்டில் பிரிக்காதீர்கள்.

மற்றபடி, எதையும் மின்கழிவுப் பெட்டியில் போடும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். உடைந்தது பொருளா, அதன் சட்டையா? சட்டைதான் என்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சோப்பு டப்பா என் செலவு.

காலையில் எங்கள் வீட்டு ரேடியோச் சத்தம் தொந்தரவாக இருந்தாலும் தட்டலாம். குறைக்கச் சொல்கிறேன். அம்மா கேட்பாரா என்பது வேறு விஷயம்.