பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் இதை மடலில் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நம் குடியிருப்பில் பல வீடுகளில் பத்து, பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. ஒரு நாள் அது ஸ்டார்ட் ஆகாது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். சில நேரம் 'பீப், பீப்' என்று விடாமல் கத்தும். சில நேரம் நன்றாகவே ஓடும், ஆனால் 8 ஜி.பி. மெமரி இருக்க வேண்டிய இடத்தில் 4 ஜி.பி. என்று காட்டும். கடைக்குக் கொண்டு போனால், "போர்டு போயிடுச்சு சார், புதுசா வாங்கிடுங்க" என்று பதில் வரலாம். 25,000, 30,000 ரூபாய் எடுத்து வைப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள். இந்தத் தொல்லைகளில் பல, மெமரி உட்காரும் ஸ்லாட்டில் சேர்ந்த தூசியால் வருபவை.

மெமரி என்பது என்ன? வங்கிக் கிளையை நினைத்துக் கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் என்பது ரெக்கார்டு ரூம். மெமரி என்பது கவுன்டர் மேஜை. லெட்ஜரை எடுத்து வந்து மேஜையில் விரித்தால்தான் எழுத முடியும். கரண்ட் போனால் மேஜை காலி. கடையில் இதை ராம் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பக்கத்து ஆரணியில் ஜக்கார்டு தறியைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. கம்ப்யூட்டரின் ஒன்றும் பூஜ்ஜியமும் இதே கணக்குதான். 1969-ல் நிலவுக்குப் போன அப்போலோ 11-ன் கம்ப்யூட்டருக்கு, காந்த வளையங்களில் மெல்லிய கம்பி கோத்துப் பெண் தொழிலாளர்கள் கையாலேயே மெமரி நெய்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்ஜியம். ஒரு இழை தப்பினால் புட்டா கெட்டுவிடும் என்பது நெசவாளருக்குத் தெரியும். நம் வீட்டு டெஸ்க்டாப்பில் இருக்கும் டிடிஆர்3 ராமில் 240 தொடுமுனைகள் உண்டு. அதில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் போதும், ராம் தெரியாமல் போகலாம் அல்லது எண்ணைத் தப்பாகப் படிக்கலாம்.

இந்த இரண்டாவதுதான் ஆபத்து. ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டர் நம்மை ஏமாற்றாது. தப்பாகப் படித்துக் கொண்டே ஓடுகிற கம்ப்யூட்டர், நாம் 'சேவ்' செய்யும்போது கெட்டுப்போன கணக்கையே எழுதி வைக்கும். பராமரிப்புக் கணக்கோ பேத்தியின் போட்டோவோ, அது கெட்டது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அதனால் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்தாலோ நீலத்திரை காட்டினாலோ, பழைய பேக்கப் மேல் புதிதாக எதையும் எழுதாதீர்கள். முதலில் ராமைச் சரிபாருங்கள், அல்லது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு நல்ல கம்ப்யூட்டரில் காப்பி எடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். சுவிட்சை அணைத்து, பிளக்கையே பிடுங்கி விடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். கேபினெட்டின் வெறும் இரும்பு பாகத்தைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள், நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ராமைக் கெடுத்துவிடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும், எதையும் தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

ராமின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கமாகத் தள்ளினால் அது மேலே எழும்பும். ஓரங்களைப் பிடித்து எடுங்கள். தங்க நிறத் தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை சுத்தமான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புத்தாள், மண்ணெண்ணெய், ஈரத்துணி எதுவும் கூடாது. ஸ்லாட்டுக்குள் உலர்ந்த பிரஷ்ஷும், கையால் அழுத்தும் காற்றுப் பந்தும் போதும். ஊசி விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். திரும்ப வைக்கும்போது 'க்ளிக்' என்று கிளிப் பூட்டிக் கொள்ள வேண்டும். பாதி உட்கார்ந்த ராமும் இதே தொல்லையைத்தான் கொடுக்கும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், கணக்கு டேலி ஆகாதபோது தேடுகிற மாதிரி தேட வேண்டும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் அதைப் பார்ப்போம். இங்கேயும் வழி இருக்கிறது. இரண்டு ராமுக்கும் அ, ஆ என்று பெயர் வையுங்கள். ஒரே ஒரு ராமை ஒரு ஸ்லாட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முடிவைத் தாளில் எழுதுங்கள். பிளக்கைப் பிடுங்கி, அதே ராமை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். எல்லா ஸ்லாட்டிலும் பார்த்த பிறகு அடுத்த ராம். ஒரு ராம் எந்த ஸ்லாட்டிலும் ஓடாவிட்டால் அந்த ராம் கெட்டது. இரண்டு ராமும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் ஓடாவிட்டால் அந்த ஸ்லாட் கெட்டது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

நம் சங்க அலுவலக டெஸ்க்டாப்பை இப்படித்தான் பார்த்தோம். நான்கு ஸ்லாட், இரண்டு 4 ஜி.பி. ராம், காட்டியது 4 ஜி.பி. மட்டும். இரண்டு ராமும் நல்லவை, மூன்றாவது ஸ்லாட்தான் எதை வைத்தாலும் ஓடவில்லை. ராம்களை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றியதும் 8 ஜி.பி. வந்துவிட்டது. செலவு, ஒரு ரப்பரும் ஒரு பிரஷ்ஷும்.

எல்லாவற்றையும் ஸ்லாட் மீது போட்டுவிடவும் கூடாது. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 8 ஜி.பி. வைத்தாலும் 4-க்கு உள்ளேதான் பயன்படுத்தும். இரண்டு ஸ்லாட் சேர்ந்து ஓடாவிட்டால், பிராசசருக்குக் கீழே இருக்கும் ஊசி வளைந்திருக்கலாம், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் நிறுத்திவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

ஓட ஆரம்பித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது. மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுவது இன்னும் நம்பகமானது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை வைத்துக் கொள்ளாதீர்கள். ஒரு ரூபாய் வித்தியாசத்தோடு எந்தக் கிளையும் நாள் கணக்கை முடிக்காது.

புது ராம் வாங்குவதென்றால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது, நடு வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய டெஸ்க்டாப் பல புது விண்டோஸுக்குத் தகுதி பெறாது. கணக்கு எழுத, பாட்டுக் கேட்க, பிள்ளைகள் தட்டச்சு பழக அது தாராளமாகப் போதும். ஆனால் அதில் நெட் பேங்கிங் வேண்டாம். வேண்டுமென்றால் இலவச லினக்ஸ் போட்டுக் கொள்ளலாம். உண்மையிலேயே தூக்கிப் போட வேண்டி வந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக் கொண்டு மற்றதை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

பிரஷ், காற்றுப் பந்து, சோதனை பென் டிரைவ் மூன்றும் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.