மறைந்த புள்ளியும் மறையாத நோயும்

கடலைக் கண்ணாடித் தொட்டிக்குள் அடக்கி, வீட்டுக் கூடத்தில் இருந்தவாறே அதன் எழிலைக் காண விரும்புவது மனிதனின் நெடுநாள் ஆசை. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியற் பூங்காவில் பொதுமக்கள் பார்ப்பதற்கென மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்ட காலந்தொட்டு அவ்வாசை வளர்ந்தே வந்திருக்கின்றது. இன்று இலங்கைக் கடலின் பாறைகளிடையே சுழியோடிகள் பிடிக்கும் வண்ண மீன்கள், நீரும் ஒட்சிசனும் அடைத்த பைகளில் விமானமேறி, பனி பெய்யும் நாடுகளின் வீடுகளைச் சென்றடைகின்றன.

அத்தகைய வீடொன்றில் நிகழக்கூடியதை நேயர்கள் மனக்கண்ணாற் காணலாம். வாலடியில் கத்திபோன்ற முள்ளும் வான்நீல உடலும் கொண்ட இந்துசமுத்திர மீன் ஒன்று அங்கு வந்து சேர்கின்றது. வீட்டுக்காரர் விவரமறிந்தவர், அதனைத் தனித் தொட்டியொன்றில் விடுகின்றார். மூன்றாம் நாள் அதன் உடலிலும் செட்டைகளிலும் உப்புப் பரல்களைத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. மீன் கல்லில் உடலைத் தேய்க்கின்றது, இரையை நாடவில்லை, மூச்சு விரைகின்றது. அவர் கடைக்கு ஓடி மருந்து வாங்கி ஊற்றுகின்றார். இரண்டு நாளில் புள்ளிகள் யாவும் மறைந்துவிடுகின்றன. மகிழ்ந்த அவர் மீனைப் பெருந்தொட்டிக்கு மாற்றுகின்றார். சில வாரங்கள் செல்லுமுன், அப்பெருந்தொட்டியில் ஆண்டுக்கணக்காக வளர்ந்த மீன்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மிதக்கின்றன.

மருந்து பொய்த்ததா? இல்லை. புள்ளி மறைந்ததை நோய் மறைந்ததாகக் கொண்டதே பிழை. அப்பிழை ஏன் இவ்வளவு எளிதில் நேர்கின்றது என்பதை உணர, அந்நோயை விளைக்கும் உயிரின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

இந்நோய் கடல்மீன் வெண்புள்ளி நோய் எனப்படும். இதனை யப்பானிய அறிஞர் சிக்காமா 1930களில் விவரித்தார். 1951ஆம் ஆண்டில் பிறவுண் என்பவர் இலண்டன் விலங்கியற் கழகத்தின் வெளியீட்டில் இதன் காரணியாகிய ஒட்டுண்ணிக்குக் 'கிரிப்ரோகேரியன் இரிற்றன்ஸ்' எனப் பெயரிட்டார். முதற்சொல் மறைந்திருக்கும் கரு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. இரண்டாவது, எரிச்சலூட்டுவது எனப் பொருள்படுவது. ஒரே கலத்தாலான இவ்வுயிர், உடலெங்கும் நுண்மயிர்களைக் கொண்டு நீந்துவது. நன்கு வளர்ந்த நிலையிலும் அரை மில்லிமீற்றருக்கு மேற்படாதது.

இதன் வாழ்வு நான்கு நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் இது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியிற் புகுந்து, அங்குள்ள இழையத்தைத் தின்று வளர்கின்றது. கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளி இதுவே. மூன்று முதல் ஏழு நாளில் வளர்ச்சி முற்றியதும், பெரும்பாலும் இருள் வேளையில், தானாகவே மீனை விட்டு நீங்குகின்றது. இரண்டாம் நிலையில் சில மணிநேரம் தொட்டியின் அடியில் ஊர்ந்து திரிகின்றது. மூன்றாம் நிலையில் கல்லிலோ மணலிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறுதியான கூடு ஒன்றை அமைத்துக்கொள்கின்றது. அக்கூட்டினுள் ஓருயிர் பல உயிராகப் பிரிகின்றது. இருநூறு வரை பிரிதலும் உண்டு. நான்காம் நிலையில் கூட்டை விட்டு வெளிவரும் குஞ்சுயிர்கள் நீரில் நீந்தி மீனைத் தேடுகின்றன. ஏறத்தாழ ஒரு நாளுள் மீன் கிட்டாதொழியின் அவை தொற்றும் வலியை இழந்து மடிகின்றன.

இப்பொழுது அவ்வீட்டில் நிகழ்ந்தது விளங்கும். புள்ளிகள் மறைந்தது ஒட்டுண்ணி இறந்ததனால் அன்று. அது தன் முறைப்படி மீனை விட்டு இறங்கியதனால். மருந்து ஊற்றாதிருந்தாலும் அவை மறைந்தே இருக்கும். மேலும், தோலடியில் மறைந்திருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டுவதில்லை. கூட்டினுள் இருப்பதையும் எட்டுவதில்லை. நீரில் நீந்தி அலையும் அந்தக் குறுகிய காலத்திலேதான் அது மருந்துக்கு இரையாகும். ஆதலின், இந்நோய்க்குச் செய்யும் சிகிச்சை நோயைத் துரத்திப் பிடிப்பதன்று. அது வெளிவரும் வாயிலிற் காத்து நிற்பதாகும்.

அவ்வாறு காத்து நிற்கும் மருந்துகளுள் தொன்மையானது செம்பு. 1955ஆம் ஆண்டில், சன் பிரான்சிஸ்கோ நகரத்து ஸ்ரைன்ஹார்ட் மீன்காட்சிச்சாலையைச் சேர்ந்த டெம்ஸ்ரர் என்பவர், மீனின் உடலில் வெல்வெற்றுத் தூள்போலப் படியும் வேறோர் ஒட்டுண்ணி நோய்க்குச் செப்புச் சல்பேற்றைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அதே செம்பு வெண்புள்ளி நோய்க்கும் பயன்படலாயிற்று. லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செப்பு அயன் நீரில் இடையறாது நிற்றல் வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். மிகுந்தால் மீனுக்கே கேடாகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு ஒடுங்கிய வழி இருப்பதால், சோதனைக் கருவிகொண்டு நாள்தோறும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது. காலமும் குறுகியதன்று, குறைந்தது மூன்று வாரம். ஒரு நாள் அளவு தாழ்ந்தாலும் அந்நாளில் வெளிவந்த குஞ்சுயிர்கள் மீனைப் பற்றிக்கொள்ளும். முன்னைய நாட்களின் உழைப்பு வீணாகும்.

இம்மருந்திடும் தொட்டியில் பவளக்கல்லும் சிப்பி மணலும் இருத்தல் ஆகாது. அவற்றிலுள்ள கல்சியங் காபனேற்று செம்பை நீரிலிருந்து ஈர்த்துவிடும், அளவு நிலைக்காது. மீன் ஒளிந்துகொள்ள பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகள் சில போதும். பவளம், இறால், நத்தை போன்றவற்றுக்குச் செம்பு கொடிய நஞ்சு. பெருந்தொட்டியில் மருந்திடாது மீனைத் தனியே எடுத்துச் சிகிச்சை செய்வதற்கு இதுவே முதற் காரணம். வெறுந்தொட்டியாதலின் கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் அங்குக் குறைவு; அமோனியா விரைவிற் சேரும். நீரை அடிக்கடி மாற்றுவதும், மாற்றும் நீரிலும் செம்பை அதே அளவில் வைப்பதும், காற்றை நன்கு செலுத்துவதும் கடமையாகும். நோயினால் தப்பிய மீன் கழிவு நீரினால் இறப்பதுண்டு.

செம்பின்றியே நோயை வெல்லும் வழியொன்றும் உண்டு. செங்கடற் கரையிலுள்ள எயிலாத் நகரில் கொலோர்னி என்னும் ஆய்வாளர் 1980களில் இதனை ஆராய்ந்தார். கூட்டிலிருந்து குஞ்சுயிர்கள் வெளிவரக் குறைந்தது மூன்று நாள் செல்லும் என்பதே இதன் அடிப்படை. மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைத் தூய தொட்டியொன்றுக்கு மாற்றினால், உதிர்ந்தவை பழைய தொட்டியிலே தங்கிவிடும். அவற்றின் குஞ்சுகள் வெளிவரும்போது மீன் அங்கிராது. நான்கு முறை மாற்றியதும், மீன்மேல் இருந்தவை யாவும் இறங்கியிருக்கும், புதியன ஏறியிரா. விட்டு நீங்கிய தொட்டியையும் வலையையும் குழாயையும் நன்கு உலர்த்த வேண்டும். ஈரமான வலையொன்று போதும், நோயைப் புதுத்தொட்டிக்குக் கொண்டுசெல்ல. இங்கே மருந்தாக நிற்பது நாட்கணக்கு ஒன்றே.

நோய் பெருந்தொட்டியிற் புகுந்துவிட்டதாயின் யாது செய்வது? மீன்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, தொட்டியை மீனின்றி விடுதலே வழி. பவளங்களும் இறால்களும் அதிலேயே இருக்கலாம். இவ்வொட்டுண்ணி அவற்றைப் பற்றுவதில்லை. ஆனால் கூடுகள் யாவும் ஒரே நாளில் வெடிப்பதில்லை. பெரும்பாலானவை நான்கு வாரத்துள் வெடிக்கும். 72 நாள் வரை தாமதித்தவையும் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே இரண்டரை மாதமேனும் பொறுத்தல் நலம். வெறுமையாகக் கிடக்கும் தொட்டியைப் பார்த்து மனம் பொறாது ஒரு மீனை விட்டால், காத்திருந்த கூட்டுக்கு அதுவே விருந்தாகும்.

நோயினின்று பிழைத்த மீன்கள் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்பு வலுவைப் பெறுகின்றன. இதுவும் ஏமாற்றத்துக்கு இடமளிப்பதே. புள்ளியொன்றுமின்றி நலமாகத் தோன்றும் மீனின் செவுளில் இரண்டொரு ஒட்டுண்ணிகள் தங்கியிருந்து, புதிதாய் வரும் மீனுக்குத் தாவுதல் கூடும். எனவே நோயுற்ற மீனை மட்டுமன்றி, நலமாகத் தோன்றும் புதுமீன் ஒவ்வொன்றையும் தனித்து வைத்தலே முறையாகும்.

தனித்து வைத்தல் மனிதர் நெடுங்காலமாக அறிந்த காப்பு. 1377ஆம் ஆண்டில், கொள்ளைநோய்க்கு அஞ்சிய இரகூசாத் துறைமுகத்தார், நோயுள்ள இடங்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் ஊருக்கு வெளியே நிறுத்தினர். பின்னர் அது 40 நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே அக்காப்புக்கு ஐரோப்பிய மொழிகளிற் பெயராயிற்று. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்கிற் காத்திருந்ததும் அதன் தொடர்ச்சியே. மனிதருக்கு அக்காவல் துன்பமாயிருந்தது. அவர்கள் வாய்விட்டு முறையிட்டனர். நோயையும் சொல்லிக் காட்டினர். மீனுக்கு வாயிருந்தும் சொல்லில்லை. தன் உடல்நிலையை அது காட்டக்கூடியது விரைந்த மூச்சினாலும், உண்ணாத இரையினாலுமே.

கடலில் மீன் நோயிலிருந்து விலகி நீந்தலாம். பரந்த நீரில் ஒட்டுண்ணியின் குஞ்சுகளும் பெரும்பாலும் இரை காணாது மடிகின்றன. கண்ணாடிச் சுவர் நான்கினுள் அடைத்த பின்னர் அந்த விலகும் வழி மீனுக்கு இல்லை; அதனை அடைத்தவரே அவ்வழியாக அமைய வேண்டும். அதற்கு வேண்டுவன விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. வெறுந்தொட்டி ஒன்று, அளந்து பார்க்கும் கை, நாளை எண்ணும் பொறுமை ஆகிய மூன்றே. புள்ளி மறைந்த நாளில் சிகிச்சையை நிறுத்துபவர் நோய்க்கு அவகாசம் கொடுக்கின்றார்; எண்ணிய நாள் முடியும்வரை காத்திருப்பவர் மீனுக்கு உயிர் கொடுக்கின்றார்.